இரண்டாவது கையெழுத்து

கோவை கணபதியில் சத்தி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்து ஒன்றில் இருக்கிறது அந்த ஒர்க்‌ஷாப். மூன்று லிஃப்ட், ஒரு டிங்கரிங் கொட்டகை, பெயிண்ட் பூத் என்று மரியாதையாகப் பெயர் சூட்டப்பட்ட தார்ப்பாய் மறைப்பு. நான் போய்ச் சேர்ந்தபோது நடு லிஃப்டில் ஒரு ஸ்விஃப்ட் நின்றிருந்தது. கியர்பாக்ஸை இறக்கி ஜாக்கியின் மேல் உட்கார வைத்திருந்தார்கள். கழற்றிய கிளட்ச் பிளேட்டை உரிமையாளர் என் கையில் கொடுத்தார். லைனிங் தேய்ந்து ரிவெட் தலைகள் வெளியே எட்டிப் பார்த்தன. நகத்தை ஓட்டினால் இடறியது.

"இன்னும் நூறு கிலோமீட்டர் ஓட்டியிருந்தா ஃப்ளைவீல்ல கோடு விழுந்திருக்குமுங்க. அப்புறம் அதையும் கழட்டி லேத்துக்கு அனுப்போணும்" என்றார்.

நான் பார்க்க வந்தது பிளேட்டை அல்ல, அது பில்லில் ஏறும்போது பக்கத்தில் எழுதப்படும் லேபர் தொகையை. உதிரிபாகத்துக்கு அட்டைப்பெட்டியில் விலை அச்சடித்திருக்கிறது, செல்போனில் தட்டிப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். கூலிக்கு அட்டைப்பெட்டி கிடையாது. ஆகவே வாடிக்கையாளரின் சந்தேகம் முழுக்க அந்த வரியின் மேல்தான் விழுகிறது. சந்தேகப்படவும் காரணம் இருக்கிறது, ஆனால் நாம் பொதுவாக நினைக்கும் காரணம் அதுவல்ல.

"மூணு மணி நேரத்துல முடிச்சுட்டு அஞ்சு மணி நேரக் கூலி போட்டுட்டான்" என்பதுதான் வழக்கமான புகார். ஒர்க்‌ஷாப்பில் கடிகாரத்தைப் பார்த்துக் கூலி போடுவதில்லை. இன்ன வேலைக்கு இத்தனை மணி நேரம் என்று கம்பெனி சர்வீஸ் சென்டர்களில் அட்டவணை வைத்திருப்பார்கள். அதை அந்த ஊரின் மணிக் கணக்கு ரேட்டால் பெருக்கினால் லேபர். கை தேர்ந்தவர் சீக்கிரம் முடிக்கலாம், புதுப் பையன் சாயங்காலம் வரை திணறலாம். பில் ஒன்றேதான். யோசித்துப் பார்த்தால் இது நமக்குத்தான் நல்லது. கடிகாரக் கணக்கு என்றால் பையன் தொழில் படிக்கும் நேரத்துக்கும் நாமே சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கும். இந்தக் கடையிலும் லேமினேட் செய்த ஒரு ரேட் அட்டை கவுண்டரில் தொங்குகிறது.

கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. இந்த ஸ்விஃப்டுக்குக் கிளட்ச் மட்டும் பிரச்சினை இல்லை. கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீலும் கசிகிறது. சீலை மாற்றவும் கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். தனித்தனியாக வந்தால் இரண்டும் பெரிய வேலைகள். சேர்ந்து வந்தால், கியர்பாக்ஸ் கீழே இருக்கும்போது சீல் மாற்றுவது கூடுதலாகச் சிறிது நேரம், அவ்வளவுதான். அட்டையில் உள்ள இரண்டு தொகையையும் அப்படியே கூட்டி எழுதினால் கியர்பாக்ஸ் காகிதத்தில் இரண்டு முறை இறங்கிவிடும்.

இந்த வண்டியின் சொந்தக்காரர் இங்கே வருவதற்கு முன் வேறோர் இடத்தில் வாங்கியிருந்த எஸ்டிமேட்டை உரிமையாளர் மேசை டிராயரிலிருந்து எடுத்துக் காட்டினார். அதில் கிளட்ச் ஓவர்ஹாலுக்கு ஒரு வரி, கியர்பாக்ஸ் இறக்கி ஏற்ற ஒரு வரி, ஆயில் சீல் மாற்ற ஒரு வரி.

"எறக்குனது ஒருக்காங்க. காயிதத்துல மூணு தடவ எறங்கி ஏறியிருக்குது."

ஒவ்வொரு வரியையும் தனியாக எடுத்துக் கேட்டால் பொய் என்று சொல்ல முடியாது. மூன்றும் செய்ய வேண்டிய வேலைகள்தான். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் ஓட்டை தெரியும். வாடிக்கையாளருக்கு அந்தப் படிப்பு இல்லை என்பதே இந்தத் தொழிலில் பொறுப்பு என்ற சொல்லுக்கு அர்த்தம் தருகிறது.

இந்த உரிமையாளரை மகானாக்குவது என் நோக்கமல்ல. இவர் பில்லிலும் 'கன்ஸ்யூமபிள்ஸ்' என்று ஒரு வரி இருந்தது. அதில் என்னவெல்லாம் அடக்கம் என்று கேட்டேன். "வேஸ்ட் துணி, கிரீஸ், பிரேக் கிளீனரு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் சிரித்துவிட்டார்.

இன்சூரன்ஸ் வண்டி என்றால் விளையாட்டு இன்னும் நுட்பமானது. சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழித்துத்தான் கிளெய்ம் தருவார்கள். ஃபைபர் கிளாஸுக்கு 30 சதவீதம், கண்ணாடிக்குக் கழிவே இல்லை. பெயிண்டையும் கூலியையும் சேர்த்து ஒரே தொகையாக பில் போட்டால் அதில் கால் பங்கைப் பெயிண்ட் செலவாக எடுத்துக்கொண்டு, அந்தக் கால் பங்கில் பாதியை வெட்டுவார்கள். லேபருக்குத் தேய்மானம் கிடையாது. பம்பர் விலையில் பாதி வண்டிக்காரர் தலையில், கூலி முழுக்க கம்பெனி தலையில் என்றால் எஸ்டிமேட் எந்தப் பக்கம் சாயும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அந்த இடத்தில் வண்டிக்காரரும் ஒர்க்‌ஷாப்பும் ஒரே கட்சி.

ஆள் கெட்டவனாக இருந்தால்தான் பில் கெடும் என்பதில்லை. 1992 ஜூனில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநில அரசு, சியர்ஸ் நிறுவனத்தின் ஆட்டோ சென்டர்கள் தேவையில்லாத ரிப்பேர்களை வாடிக்கையாளர் தலையில் கட்டுவதாகக் குற்றம் சாட்டியது. பிரேக் தேய்மானம் தவிர வேறு கோளாறில்லாத வண்டிகளை அரசே வாடிக்கையாளர் வேடத்தில் அனுப்பிச் சோதித்துப் பிடித்த வழக்கு அது. உள்ளே போய்ப் பார்த்தால், சர்வீஸ் அட்வைசர்களுக்கு விற்பனைக்கேற்ற கமிஷன், இத்தனை பிரேக் வேலை பிடிக்க வேண்டும், இத்தனை அலைன்மென்ட் பிடிக்க வேண்டும் என்று இலக்கு. ஊக்கத்தொகை முறைதான் தவறுகளுக்கு இடம் கொடுத்தது என்று நிறுவனத்தின் தலைவரே பொதுவெளியில் ஒப்புக்கொண்டு அந்தக் கமிஷனை நிறுத்தினார். எதற்குக் காசு தருகிறோமோ அதுவே கடையில் விளையும்.

கியர்பாக்ஸ் ஏறியது. மெக்கானிக் போல்ட்டுகளை டார்க் ரென்ச்சால் ஒவ்வொன்றாக 'டிக்' சத்தம் வரும்வரை முறுக்கிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அடுத்து நடந்ததைத்தான் நான் அதிக நேரம் நின்று பார்த்தேன். வேறொருவர் வந்தார், கடையின் மூத்த மேஸ்திரி. அதே ரென்ச்சை மறுபடி எல்லாப் போல்ட்டிலும் வைத்துப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு மஞ்சள் பெயிண்ட் பேனா. போல்ட்டின் தலையிலும் அது உட்கார்ந்திருக்கும் இரும்பிலும் சேர்ந்தாற்போல ஒரு கோடு. நாளைக்குப் போல்ட் கொஞ்சம் திரும்பினாலும் கோடு ஒடிந்து காட்டிக்கொடுத்துவிடும். வீல் நட்டுகளுக்கும் இப்படியே. அதன்பின் வண்டியை எடுத்துக்கொண்டு சரவணம்பட்டி வரை ஒரு ஓட்டம். எல்லாமாக முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

பில்லில் இந்த முக்கால் மணி நேரத்துக்கு ஒரு வரியும் இல்லை.

"எல்லா வண்டிக்கும் இப்படிப் பாக்கறீங்களாண்ணா?"

மேஸ்திரி ரென்ச்சைத் துடைத்தபடி சொன்னார்: "பாக்கறதுதானுங்க. சனிக்கிழம சாயங்காலம் பத்து வண்டி டெலிவரி நிக்குமுங்க. அன்னிக்கு முறுக்கறவனே கோடும் போட்டுருவான்."

இதே போன்ற இரண்டாவது சரிபார்ப்பைப் பார்க்க அடுத்து ஒரு மருத்துவமனைக்குப் போனேன். அங்கே நான் பார்த்ததைப் புரிந்துகொள்ள இந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது.

அது அவிநாசி ரோட்டை ஒட்டிய நடுத்தர அளவுத் தனியார் மருத்துவமனை. நோயாளிகளின் பெயரையோ நோயையோ எழுதக் கூடாது, படம் எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு உள்ளே விட்டார்கள். முதலில் தரைக்குக் கீழே இருந்த பார்மசி. பெயரிலோ தோற்றத்திலோ ஒன்றையொன்று ஒத்த மருந்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது என்பது விதி. ஹைட்ராலசின் ரத்த அழுத்தத்துக்கு, ஹைட்ராக்சிசின் அரிப்புக்கு. இரண்டும் வெவ்வேறு அலமாரியில், மஞ்சள் ஒட்டுச்சீட்டோடு. பெயரில் வேறுபடும் எழுத்துகளை மட்டும் பெரிதாக அச்சிட்டிருந்தார்கள், கண் அங்கே நிற்கட்டும் என்று.

பார்மசிஸ்ட் இரண்டு பிளாஸ்டிக் ஆம்பூல்களை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். ஒரே உயரம், ஒரே மாதிரி திருகி உடைக்கும் கழுத்து, இரண்டிலும் நிறமில்லாத பத்து மில்லி திரவம். ஒன்று ஊசி மருந்தைக் கரைக்கும் வெறும் தண்ணீர். மற்றது 15 சதவீதப் பொட்டாசியம் குளோரைடு. நிறைய சலைனில் கலந்து மணிக்கணக்கில் மெல்ல ஏற்ற வேண்டியது. கலக்காமல் நேராக நரம்பில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். அதனால் வார்டு அலமாரியில் அதை வைப்பதே இல்லை. இன்டென்ட் எழுதி, கையெழுத்துப் போட்டு, பூட்டிய சிவப்புப் பெட்டியிலிருந்துதான் மேலே போகும். கவனமாக இருங்கள் என்று நூறு முறை சொல்வதைவிட, எட்டும் தூரத்திலிருந்தே எடுத்துவிடுவது மேல் என்று பல மருத்துவமனைகள் அடிபட்டுக் கற்றுக்கொண்ட பாடம் இது.

இன்சுலின் அதைவிடச் சிக்கல். நம் நாட்டில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் இருக்கிறது, 100 யூனிட் உள்ளதும் இருக்கிறது. 40-க்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100-க்கு ஆரஞ்சு மூடி. சிவப்பு மூடி சிரிஞ்சில் 100 யூனிட் மருந்தை 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 20 அல்ல, 50. இரண்டரை மடங்கு. இரவில் சர்க்கரை தாழ்ந்து நோயாளி தூக்கத்திலேயே மயங்கிக் கிடந்தால், தூங்குகிறார் என்றுதான் துணைக்கு இருப்பவர் நினைப்பார். இன்சுலின் அளவை எழுதும்போது யூனிட் என்பதை முழுதாக எழுத வேண்டும் என்பதும் இங்கே விதி. ஆங்கில 'யூ' எழுத்தை மட்டும் போட்டால், அவசரக் கையெழுத்தில் அது பூஜ்யமாகி 10 என்பது 100 ஆகிவிடும்.

மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாக, முடிந்தவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016-லேயே மருத்துவக் கவுன்சில் விதியைத் திருத்தியது. இங்கே நான் புரட்டிய சார்ட்டுகளில் பகலில் எழுதியவை பெரிய எழுத்தில் இருந்தன. இரவு டியூட்டியில் எழுதியவை பழைய கோலத்துக்கே திரும்பியிருந்தன.

பார்ம்.டி. படித்த இளம்பெண் ஒருவர் தினமும் வார்டு வார்டாகப் போய் டிரக் சார்ட்டுகளைப் படிக்கிறார். அதற்காக ஒரு நோட்டு வைத்திருக்கிறார். வார்ஃபரின் சாப்பிடும் ஒரு நோயாளிக்கு மெட்ரோனிடசோல் எழுதியிருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் ரத்தம் உறையும் தன்மை கூடுதலாகக் குறைந்து ரத்தக்கசிவு வரலாம். டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்து பேசி மருந்தை மாற்றியிருக்கிறார். நோட்டில் அது ஒன்றரை வரி.

"டாக்டருங்க கோவிச்சுக்க மாட்டாங்களா?"

"மொதல்ல கோவிச்சுக்குவாங்க சார். இப்ப சில பேர் அவங்களே கூப்ட்டுக் கேக்கறாங்க."

மூன்றாம் மாடியில் மதிய மருந்து நேரம். டிராலியைத் தள்ளிக்கொண்டு வந்த நர்ஸ் ஒவ்வொரு கட்டிலிலும், "உங்க பேரச் சொல்லுங்கம்மா" என்று கேட்டார். பெயரைத் தானே சொல்லி "நீங்கதானே?" என்று கேட்கக் கூடாது. காது கேட்காதவரும் அரைத் தூக்கத்தில் இருப்பவரும் எதற்கும் தலையாட்டிவிடுவார்கள். சொன்ன பெயரை மணிக்கட்டுப் பட்டையோடு ஒப்பிட்ட பிறகே மாத்திரை. அழகாகத்தான் செய்தார். இடையிலேயே டிஸ்சார்ஜ் எப்போது என்று ஒருவர், பக்கத்துக் கட்டிலில் டிரிப் தீர்ந்துவிட்டது என்று ஒருவர், கேன்டீன் கஞ்சி இன்னும் வரவில்லை என்று ஒருவர், அதற்குள் மேசைத் தொலைபேசி. சிட்னியின் இரண்டு பெரிய மருத்துவமனைகளில் நர்ஸுகளைப் பின்தொடர்ந்து நடத்தி 2010-ல் வெளியான ஆய்வில், ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் மருந்து கொடுப்பதில் பிழை ஏறத்தாழ 12 சதவீதம் கூடியது. இங்கே நர்ஸ் அணிந்திருந்த ஏப்ரனில் 'மருந்து நேரம், தொந்தரவு செய்யாதீர்கள்' என்று தமிழிலேயே எழுதியிருக்கிறது. எங்கள் ஊரில் அதைப் படித்துக்கொண்டே, "அது சரிங்க சிஸ்டர், டிஸ்சார்ஜ் எப்பங்க?" என்பார்கள்.

இன்சுலினுக்கு இரண்டு நர்ஸ் பார்க்க வேண்டும், இரண்டு கையெழுத்து வேண்டும். இரண்டாமவர் வார்டின் மறுகோடியில் ஒருவருக்கு கேனுலா மாற்றிக்கொண்டிருந்தார். முதலாமவர் சிரிஞ்சை உயர்த்திப் பிடித்து, "அக்கா, எட்டு" என்றார். அக்கா திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். அந்தத் தூரத்திலிருந்து எட்டாம் கோட்டைக் கழுகுதான் படிக்க முடியும். கையெழுத்து பிறகு மேசையில் விழுந்தது, வரிசையாகப் பல கட்டங்களில் ஒரே மூச்சில். மருந்தும் சரிதான், அளவும் சரிதான், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தளத்துக்கு அன்று இரண்டே பேர். அக்கா கேனுலாவைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தால் அங்கே ரத்தம் கசிந்திருக்கும். முறுக்குகிறவனே கோடும் போடுகிற சனிக்கிழமை சாயங்காலம் இங்கே தினமும் மதியம் வருகிறது.

இப்படிப்பட்ட ஒரு வார்டில் பிழை நேர்ந்தால் பொறுப்பு யார்மேல் விழும்? அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் வாண்டர்பில்ட் மருத்துவமனையில் 2017 டிசம்பரில் நடந்ததை மருத்துவ உலகம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. ரடோண்டா வாட் என்ற நர்ஸ், பதற்றத்தைத் தணிக்கும் 'வெர்செட்' மருந்தை எடுக்கக் கணினிப் பெட்டகத்தில் முதல் இரண்டு எழுத்துகளைத் தட்டினார். வராததால் கட்டுப்பாட்டைத் தாண்டும் வழியைப் பயன்படுத்தினார். வந்தது வெக்குரோனியம், தசைகளை முடக்கி மூச்சை நிறுத்தும் மருந்து. வெர்செட் திரவம், இது கரைக்க வேண்டிய பொடி. மூடியிலேயே எச்சரிக்கை வேறு. அத்தனையையும் தாண்டி அது 75 வயது நோயாளிக்குப் போனது, அவர் இறந்தார். தன் தவறை நர்ஸே உடனடியாகச் சொல்லிவிட்டார். மருத்துவமனையோ குடும்பத்தோடு ரகசியமாகச் சமரசம் செய்துகொண்டது, சம்பவத்தை அரசுக்குத் தெரிவிக்கவில்லை. அடுத்த ஆண்டு பெயரில்லாத ஒரு தகவலால்தான் வெளியே வந்தது. 2022 மார்ச்சில் நர்ஸ் குற்றவாளி என்று தீர்ப்பு, மே மாதம் மூன்றாண்டு நன்னடத்தைக் காவல். சிறை இல்லை, ஆனால் தொழில் போயிற்று. குற்ற வழக்கு அந்த ஒருவர் மேல் மட்டுமே நடந்தது. அவர் செய்தது சிறு கவனப்பிசகு என்று நான் சொல்ல மாட்டேன், பொடியைக் கரைக்கும்போதாவது நின்றிருக்க வேண்டும். ஆனால் சொன்னவருக்குத் தண்டனை, சொல்லாத நிர்வாகம் தப்பித்தது என்ற செய்தி எத்தனை வார்டுகளில் எத்தனை வாய்களை மூடியிருக்கும்?

நம் சட்டத்திலும் ஒரு வினோதம் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில், அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் ஐந்து ஆண்டுகள் வரை சிறை. சிகிச்சையின்போது பதிவுபெற்ற மருத்துவரால் நேர்ந்தால் மட்டும் இரண்டு ஆண்டுகள் வரை. பதிவுபெற்ற மருத்துவர் என்றால் மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்தான் என்று விளக்கமும் அங்கேயே இருக்கிறது. நர்ஸுக்கு அந்தச் சலுகை இல்லை. தவறாக எழுதிய டாக்டருக்கு இரண்டு, எழுதியதைத் தவறாகக் கொடுத்த நர்ஸுக்கு ஐந்து. பிரேக் போல்ட்டை முறுக்காமல் விட்டு ஆளைக் கொன்ற மெக்கானிக் வழக்கில் சிக்கினால் அவரும் அந்த ஐந்தில்தான் வருவார்.

தண்டனையை எங்கே வைப்பது என்று இத்தனை நுணுக்கமாக எழுதத் தெரிந்த நாம், இரண்டாவது கையெழுத்துப் போடுகிறவர் எழுந்து நடந்து போய்ப் பார்க்கும் இரண்டு நிமிடத்தை எந்தக் கணக்கிலும் எழுதியதில்லை. ஷிஃப்டுக்கு எத்தனை ஆள் என்று போடும்போது அந்த இரண்டு நிமிடங்கள் கூட்டப்படுவதில்லை. கூலி இல்லாத நேரம்தான் நெருக்கடியில் முதலில் வெட்டுப்படும்.

கீழே பில்லிங் கவுண்டரில் கேட்டேன். கையுறை, பஞ்சு, சிரிஞ்ச், ஊசி எல்லாவற்றுக்கும் பில்லில் ஒரு வரி இருக்கிறது. அந்தப் பார்ம்.டி. பெண் தியேட்டர் வாசலில் காத்திருந்து மருந்தை மாற்றியதற்கு?

"அதுக்குச் சர்வீஸ் கோடே இல்லீங்களே சார்."

தரக்கட்டுப்பாட்டுப் பிரிவின் பொறுப்பாளர் ஒரு படிவம் காட்டினார். நடந்த பிழைக்கும், நடக்க இருந்து தப்பிய பிழைக்கும் ஒன்றே. எழுதுபவர் பெயர் கட்டாயமில்லை. ஒரு வார்டிலிருந்து மாதம் முழுக்க ஒரு படிவமும் வராவிட்டால்தான் அவர் அங்கே கிளம்பிப் போகிறாராம். என் கண்ணெதிரில் நடந்த 'அக்கா, எட்டு' இந்தப் படிவத்தில் ஏறுமா என்று கேட்டேன். "ஏறணும்" என்றார், கொஞ்சம் யோசித்து.

சாயங்காலம் ஒர்க்‌ஷாப் உரிமையாளரைத் தொலைபேசியில் பிடித்தேன். அந்த மஞ்சள் கோட்டுக்கு பில்லில் ஒரு வரி போட்டால் என்ன, சனிக்கிழமைக்கென்று தனியாக ஒரு ஆளை நிறுத்தலாமே என்றேன்.

"போட்டுப் பாத்தேனுங்க. 'ஃபைனல் செக்கிங் 150'ன்னு தனியா அடிச்சுக் குடுத்தேன். 'ஏன், செக் பண்ணாம வண்டியக் குடுப்பியா நீயி'ன்னு சண்டைக்கு வந்துட்டாங்க. பேனாவால அடிச்சுட்டுத்தான் காசு குடுத்தாங்க."

"அப்புறம்?"

"அப்புறமென்னங்க, கிளட்ச் லேபர்ல நூத்தம்பது ஏத்திட்டேன். இப்ப யாரும் கேக்கறதில்ல."